வீரர்களின் நெடுஞ்சாலை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தென்பகுதியை ஊடறுத்துச் செல்லும் 401ஆம் எண் நெடுஞ்சாலை, வட அமெரிக்காவின் மிக நெரிசலான சாலைகளுள் ஒன்றாகும். 1965 முதல் அதற்கு நாட்டை நிறுவிய தலைவர்களான மெக்டொனால்ட், கார்ட்டியர் ஆகிய இருவரின் பெயரும் உண்டு. அதே சாலையில் ட்ரென்டனுக்கும் டொராண்டோவுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 170 கி.மீ. பகுதி 2007இல் ‘வீரர்களின் நெடுஞ்சாலை’ என்னும் பெயரையும் பெற்றது.

ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த கனடிய வீரர்களின் உடல்கள் ட்ரென்டன் விமானப்படைத் தளத்தில் இறக்கப்பட்டு, குடும்பத்தார் முன்னிலையில் இராணுவ மரியாதை செலுத்தப்பட்டபின், பிரேதப் பரிசோதனைக்காக இச்சாலை வழியே டொராண்டோவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. 2002 ஏப்ரலில் காந்தஹார் அருகே அமெரிக்கப் போர் விமானம் தவறுதலாக வீசிய குண்டுக்கு நால்வர் பலியாகி, அவர்களின் உடல்கள் தாயகம் திரும்பியபோதே, சாலைக்குக் குறுக்கேயுள்ள மேம்பாலங்களில் மக்கள் திரண்டனர். அதன்பின் ஒவ்வோர் ஊர்வலத்தின்போதும் தீயணைப்பு வீரர்கள் தங்கள் வண்டிகளைப் பாலத்தின்மேல் நிறுத்திவிட்டு அணிவகுத்து நிற்பதும், முதிய முன்னாள் படைவீரர்கள் பதக்கங்கள் அணிந்து வணக்கம் செலுத்துவதும், பெற்றோர் குழந்தைகளின் கையில் கொடியைக் கொடுத்துக் காத்திருப்பதும், எந்த அரசாணையும் இல்லாமலேயே வழக்கமாயின. இறந்தவர் யாரென்று அறியாதோரும், அந்தப் போரை ஏற்காதோரும்கூட அங்கு வந்து நிற்க இடமிருந்தது என்பதே அவ்வழக்கத்தின் பெருமை. 2007இல் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட கோரிக்கையை ஏற்று மாகாண அரசு பெயரை அறிவித்தபோது, மக்கள் ஏற்கெனவே செய்துவந்ததற்கு அது முத்திரையிட்டது, அவ்வளவே.

இத்தகைய பெயர் ‘நினைவுப் பெயர்’ எனப்படும். சாலையின் எண்ணும் முந்தைய பெயரும் மாறாமல் இருக்க, போர் நினைவுச் சின்னமான பாப்பி மலர் பொறித்த பலகைகள் மட்டும் கூடுதலாக நடப்படுவதால், முகவரிகளையோ ஆவணங்களையோ திருத்த வேண்டியதில்லை; பழைய பெயரை அழித்துப் புதியதைத் திணிக்கும்போது எழும் மனக்கசப்பும் இல்லை. அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றங்கள் பாலங்களுக்கும் சாலைப் பகுதிகளுக்கும் இம்முறையிலேயே படைவீரர் பெயர்களைச் சூட்டுகின்றன. அங்குள்ள ‘நீல நட்சத்திர நினைவு நெடுஞ்சாலை’ தோட்டக்கலை மன்றத்தினரின் முயற்சியால் உருவானது: இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியோரை நினைத்து, 1944இல் நியூ ஜெர்சியில் ஒரு சாலையோரமாக அவர்கள் டாக்வுட் பூமரங்களை நட்டனர். மகனோ மகளோ படையில் இருக்கும் வீட்டின் சன்னலில் தொங்கவிடப்பட்ட கொடியின் நீல நட்சத்திரமே அச்சாலைக்குப் பெயராயிற்று.

பலகை மட்டும் நட்டுவிட்டால் கடமை முடிந்ததாகாது. யாருடைய பெயர், எந்தப் போர், ஏன் இந்த இடம் என்பவற்றை அறிவிக்காத பெயர், ஒரு தலைமுறைக்குள் வெறும் ஒலியாகத் தேய்ந்துவிடும். கனடியர்கள் இதை உணர்ந்தே அடுத்த பணியில் இறங்கினர்: 1867இல் கூட்டமைப்பு உருவானது முதல் போர்களில் உயிர்நீத்த கனடியர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக, வீரர்களின் நெடுஞ்சாலையை ஒட்டி 1,17,000 மரங்களை நடும் இயக்கத்தைப் பொதுமக்களின் நன்கொடையையும் அரசின் உதவியையும் கொண்டு தொடங்கினர்.