டர்போ காரில் வேக்குவம் டியூப் இடியாப்பமா? சிக்கலை எடுங்க... பிரேக் லைனில் கை வைக்காதீங்க!

சென்னை: டர்போ கார் வைத்திருப்பவர்கள் பானெட்டைத் திறந்ததும் மிரண்டு போவது, எஞ்சினைச் சுற்றி ஓடும் மெல்லிய கறுப்பு ரப்பர் டியூப்களைப் பார்த்துத்தான். எது எங்கே போகுதுன்னே தெரியாது. இதுதான் வேக்குவம் லைன்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார்களை நிறுத்தி விட்டது. அதற்கு முன்பு விற்ற டீசல் கார்கள் இன்னும் நம்ம ரோட்டில் ஓடுகின்றன. அவற்றில் உள்ள ரப்பர் டியூப்களுக்கும் வயசாகி விட்டது. டர்போ சூடும், சென்னை வெயிலும் சேர்ந்து ரப்பரை இறுக வைத்து வெடிக்க விடுகின்றன.

பிக்கப் குறையுதா?

பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது தானாகவே வேக்குவம் உண்டாகும். டீசலில் அப்படி போதுமான அளவு கிடைக்காது என்பதால் தனியாக ஒரு பம்ப் வைத்திருப்பார்கள். இந்த பம்ப்பில் இருந்துதான் பிரேக் பூஸ்டருக்கும் வேக்குவம் போகிறது. பல கார்களில் டர்போவையும், இ.ஜி.ஆர். வால்வையும் இயக்குவதும் இதே பம்ப்தான்.

வேக்குவத்தால் இயங்கும் வி.ஜி.டி. டர்போவில் டியூப் ஓட்டையானால் பிக்கப் போயிடும். மேடு ஏற வண்டி திணறும்.

சாதா டர்போவில் கதை தலைகீழ். பூஸ்ட் அழுத்தம் ஒரு டியூப் வழியாகப் போய்த்தான் வேஸ்ட்கேட்டைத் திறக்கும். அந்த டியூப் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்காது. பூஸ்ட் எகிறி எஞ்சினுக்கே ஆபத்து!

பக்கத்து வீட்டு காரைப் பார்த்து மாட்டாதீங்க

1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்று, 75 குதிரைத்திறனில் சாதா டர்போவுடனும், 90 குதிரைத்திறனில் வி.ஜி.டி. டர்போவுடனும் வந்தது. எஞ்சின் ஒண்ணுதானே என்று ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் மாட்டினால் வம்புதான்.

சிக்கலை எடுப்பது எப்படி?

* கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் செல்போனில் போட்டோ எடுங்க. இரண்டு முனையிலும் ஒரே நம்பர் ஒட்டுங்க.

* எல்லாத்தையும் ஒரே நேரத்தில் பிடுங்காதீங்க. ஒன்றைக் கழற்றி, அதே உள் அளவில் புதுசு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்க.

* பழைய ரிப்பேரில் போட்ட தேவையில்லாத ஜாயின்ட்டுகளை எடுத்துவிட்டு ஒரே துண்டாகப் போடுங்க. ஜாயின்ட் குறைந்தால் காற்று கசியும் இடமும் குறையும்.

* டியூப் நேராக, குட்டையாக, டர்போவைத் தொடாமல் போகணும். ஆனால் விறைப்பாக இழுத்து மாட்டக் கூடாது. எஞ்சின் ஆடும்போது கழன்றுவிடும்.

* சில டியூப்களுக்குள் சின்ன துளை போட்ட அடைப்பான் இருக்கும். குப்பை என்று தூக்கிப் போட்டால் பூஸ்ட் கணக்கே மாறிவிடும்.

* சிலிக்கான் டியூப் என்றால் தடித்த சுவர் உள்ளதை வாங்குங்க. மெல்லியது வேக்குவத்தில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் ஆவி போகும் இடத்தில் சாதா சிலிக்கான் வேண்டாம். மீன் தொட்டி டியூபைச் செருகும் வேலையும் வேண்டவே வேண்டாம். சூட்டில் இளகிவிடும்.

பிரேக் உஷார்!

பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸில் ஒரு வழி வால்வு இருக்கும். அதை எடுக்கவோ, திருப்பி மாட்டவோ கூடாது. அந்த ஹோஸில் இருந்து புதுசாக கிளை பிரிக்கவும் கூடாது. வேக்குவம் போனால் பிரேக் மிதி கல்லு மாதிரி ஆயிடும். வண்டி நிற்க பல மடங்கு பலம் கொடுத்து மிதிக்க வேண்டி வரும்.

வேலை முடிந்ததும் வண்டியை ரோட்டுக்கு எடுக்கும் முன்பே ஒரு சோதனை. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடுங்க. எஞ்சினை அணைத்து, பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்க. மிதி இறுகும். அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்க. மிதி லேசாக கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் வருகிறது என்று அர்த்தம்.

அடுத்து எஞ்சினை அணைத்து ஐந்து நிமிஷம் கழித்து மிதியுங்க. முதல் மிதியே கல்லாக இருந்தால் ஒரு வழி வால்விலோ, ஹோஸிலோ, பூஸ்டரிலோ கசிவு இருக்கிறது. வண்டியை எடுக்காம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

இ.ஜி.ஆர். டியூபை அடைக்கலாமா?

டியூப் குறையும் என்று சிலர் இ.ஜி.ஆர். லைனையே அடைத்து விடுகிறார்கள். இது சிக்கலை எடுப்பது அல்ல, புகைக் கட்டுப்பாட்டையே எடுப்பது. புகை விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி முதல் தடவையே ரூ.10 ஆயிரம் வரை அபராதம் உண்டு. சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது.

டியூபின் வழியைச் சுருக்கலாம், வேலையைச் சுருக்கக் கூடாது. எதுக்குப் போகுதுன்னு தெரியாத டியூபை, தெரிகிற வரைக்கும் தொடாதீங்க!