முதலில் மாதம், பிறகு ஊர்

கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கு ஐரோப்பாவுக்குத் தனியாகப் போய், பத்து நாள் ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு வர ஆசை என்று வைத்துக்கொள்வோம். கோபன்ஹேகனா, ஸ்டாக்ஹோமா, ஹெல்சிங்கியா என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். அந்தக் கேள்வியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நம் ஊருக்கு மேற்கே தெரியும் கல்வராயன் மலையிலிருந்து தொடங்கலாம்.

மே மாதம், பள்ளி விடுமுறை. கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு பஸ் ஏறுகிறோம். மலையாளிப் பழங்குடி மக்களின் சாமைச் சோற்றை அவர்கள் மண்ணிலேயே சாப்பிட வேண்டும் என்பது நோக்கம். சோறு கிடைக்கும். ஆனால் சாமை மானாவாரிப் பயிர். ஆடி மாதத்தை ஒட்டி மழையை நம்பி விதைத்து, மழைக்காலத்தின் பின்பாதியில் அறுப்பார்கள். மே மாதத்தில் கொல்லை வெறும் தரையாகக் கிடக்கும். இலையில் விழுவது சேமித்து வைத்த தானியம். அதே சமயம் பலா பழுத்திருக்கும். எண்ணெய் தடவிய கத்தியால் பிளந்து, பால் பிசின் விரலில் ஒட்ட ஒட்டச் சுளை எடுத்துக் கொடுப்பார்கள். தேன் எடுக்கும் பருவமும் அதுதான். உலுக்கிக் காயவைத்துக் கொட்டை நீக்கிய புதுப்புளியும் விலைக்கு வந்திருக்கும். பலாவும் தேனும் வேண்டுமென்றால் மே, புதுச்சாமை வேண்டுமென்றால் கார்த்திகைக்கு மேல். ஒரே மலை, ஒரே அடுப்பு. மாதம் மாறினால் சாப்பாடு மாறிவிடுகிறது.

ஏன் இப்படி? கல்வராயனில் பயிர் காத்திருப்பது தண்ணீருக்காக. வெயில் வருடம் முழுக்க இருக்கிறது, மழைதான் நாள் பார்த்து வருகிறது. வடக்கு ஐரோப்பாவில் இது தலைகீழ். அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, பயிர் காத்திருப்பது வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும். உறைபனி விலகும்வரை மண்ணில் எதுவும் நடக்காது. விலகியபின் எல்லாம் ஓட்டமாக நடக்கும். ஜூன் கடைசியில் ஹெல்சிங்கியில் பகல் சுமார் 19 மணி நேரம். அந்த நீண்ட பகலில்தான் ஸ்ட்ராபெர்ரியும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் சில வாரங்களுக்குள் விளைந்து முடிகின்றன. நம் மலையில் கொல்லை காய்ந்து கிடப்பது கோடையில். அவர்களுக்கு விளைச்சல் வருவதே கோடையில்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நமக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே. அங்கேயும் அது நல்ல பருவமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, முதலில் பேர்பெற்ற ஊரைப் பிடித்து, அதற்குத் தோதாக மே மாதத்தில் டிக்கெட் போட்டுவிடுகிறோம். போய் இறங்கினால் மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருக்கும். சந்தையில் இருக்கும் ஸ்ட்ராபெர்ரி தெற்கு நாடுகளிலிருந்து லாரியில் வந்ததாக இருக்கும். பேர்பெற்ற சமையற்காரர்களே மாதத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 2004இல் பன்னிரண்டு சமையற்காரர்கள் சேர்ந்து நார்டிக் சமையலுக்காக ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பருவத்தைத் தட்டில் காட்டுவது அதன் அடிப்படைகளில் ஒன்று. கோபன்ஹேகனின் நோமா உணவகம் 2018இல் புது இடத்துக்கு மாறியபோது, வருடத்தையே கடல் உணவுக் காலம், காய்கறிக் காலம், வேட்டை இறைச்சிக் காலம் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டது. ஆகவே முதலில் மாதம், பிறகு ஊர்.

இனி மாதத்தை வைத்து ஊரைத் தேடுவோம். வெப்பம் தெற்கிலிருந்து வடக்கே படிப்படியாக ஏறுகிறது. ஆசிரியராக இருந்து மே மாதத்தை விட்டால் வேறு விடுமுறையே இல்லை என்றால், மூன்றில் தெற்கே இருக்கும் கோபன்ஹேகன்தான் சரி. மே கடைசியில் அங்கே அஸ்பாரகஸ் தண்டும், புளிப்பான ருபார்ப் தண்டும், முதல் புது உருளைக்கிழங்கும் வந்திருக்கும். நகர நடுவில் 2011இல் திறந்த டோர்வஹாலர்னே என்ற சந்தையில் இவற்றைப் பார்க்கலாம். ஸ்ட்ராபெர்ரிக்கு ஜூன் வரை பொறுக்க வேண்டும்.

ஜூன் பிற்பாதியில் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் நடுக்கோடைத் திருநாள் வருகிறது. ஸ்வீடனில் அதன் முந்தைய நாளான வெள்ளிக்கிழமை ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் விழும். அன்று நகரத்து மக்கள் கிராம வீடுகளுக்குப் போய்விடுவார்கள், கடைகள் மூடிக் கிடக்கும். தனியாகப் போனவர் பாடு திண்டாட்டம். ஜூலையிலும் கவனம் வேண்டும். அது அவர்களின் விடுமுறை மாதம். ஸ்டாக்ஹோமிலும் ஹெல்சிங்கியிலும் பல நல்ல உணவகங்கள் சில வாரங்கள் பூட்டியிருக்கும். காய்கறி உச்சத்தில் இருக்கும்போது சமைப்பவர் ஊரில் இல்லை.

அதனால் என் தேர்வு ஜூலை கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, ஊர் ஹெல்சிங்கி. விளைச்சல் இன்னும் தீர்ந்திருக்காது, உணவகங்களும் ஒவ்வொன்றாகத் திறக்கும். துறைமுகத்தை ஒட்டிய கௌப்பதோரி சந்தையில் தோலோடு இருக்கும் பட்டாணியை, நாம் படியால் அளப்பதுபோல, லிட்டர் குவளையால் அளந்து பையில் போடுவார்கள். வாங்கியவர்கள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, நகத்தால் பிளந்து, பச்சையாகவே உதிர்த்துத் தின்பார்கள். பக்கத்துக் கடையில் முய்க்கு என்ற விரல் நீள ஏரி மீனை, ரை என்ற தானியத்தின் மாவில் புரட்டி, வெண்ணெயில் பொரித்துத் தட்டில் கொட்டுவார்கள். தலை, வால் எதையும் ஒதுக்க வேண்டாம். கூடவே சதகுப்பைக் கீரை தூவிய புது உருளைக்கிழங்கு. மீன் சாப்பிடாதவருக்கு ரை மாவு மடிப்புக்குள் அரிசிக் கஞ்சியை வைத்துச் சுட்ட கரேலியப் பணியாரம் உண்டு. முட்டை கலந்த வெண்ணெயை மேலே தடவித் தருவார்கள், வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடலாம். கிரேஃபிஷ் என்ற கொடுக்கு வைத்த நன்னீர் இறாலைப் பிடிக்க பின்லாந்தில் ஜூலை 21 மதியம்தான் அனுமதி தொடங்குகிறது. சதகுப்பைப் பூவோடு உப்பு நீரில் வேகவைத்து, ஆறவிட்டுக் கையாலேயே உடைத்துச் சாப்பிடுவார்கள்.

தனியாகச் சாப்பிடுவதில் கூச்சம் இருந்தால் மதியத்தை முக்கிய வேளையாக்கிக்கொள்ளுங்கள். வேலை நாட்களில் பல கடைகளில் 11 மணியிலிருந்து 2 மணி வரை ‘லௌனாஸ்’ என்ற மதியச் சாப்பாடு உண்டு. சாலட், ரொட்டி, பல இடங்களில் காபியும் சேர்த்து ஒரே விலை. இரவுச் சாப்பாட்டைவிட மிகக் குறைவு. அலுவலகக்காரர்கள் பலரும் தனியாகவே வந்து சாப்பிட்டுப் போவதால் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் காடு. பின்லாந்திலும் ஸ்வீடனிலும் காட்டில் தானாக விளையும் பெர்ரிகளை யார் வேண்டுமானாலும், வெளிநாட்டுப் பயணியும்கூட, காசில்லாமல் பறிக்கலாம். ஹெல்சிங்கிக்குப் பக்கத்திலுள்ள நூக்சியோ தேசியப் பூங்காவிலும் ஆகஸ்டில் காட்டு புளூபெர்ரியைப் பறித்துத் தின்னலாம். இந்தப் பழக்கத்தோடு கல்வராயனுக்குத் திரும்பி வந்து கடுக்காயிலும் தேனடையிலும் கை வைக்கக் கூடாது. இங்கே சிறு வனப் பொருட்கள் மீதான உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் மக்களுக்குக் கொடுத்திருக்கிறது. அது அவர்களின் பிழைப்பு. நாம் கேட்டு, உரிய விலை கொடுத்து வாங்க வேண்டும்.

விசாவிலும் ஊர்த் தேர்வு முக்கியம். இந்த நாடுகள் எல்லாம் ஷெங்கன் பகுதிக்குள் வருகின்றன. அதிக நாள் தங்கும் நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து நகரங்களுக்கு அலையாமல் ஒன்றில் நிலைத்தால் விண்ணப்பமும் எளிது, சந்தைக்காரரின் முகமும் பழகும். ஆசை அடங்காவிட்டால் கப்பலில் இரண்டு மணி நேரத்தில் எஸ்டோனியாவின் தாலின் நகரம் வந்துவிடும், அதே விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆகஸ்டுக்குப் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள். டிக்கெட் போடும்போது ஞாயிறு அன்று போய் இறங்குவதுபோல் பாருங்கள். ஹக்கானியெமி போன்ற உள்ளரங்கச் சந்தைகளுக்கு அன்று பெரும்பாலும் விடுமுறை, லௌனாஸும் கிடைக்காது. தூங்கி எழுந்து திங்கள் மதியம் முதல் தட்டைத் தொடங்கினால் அந்த வாரத்தின் ஐந்து மதியச் சாப்பாடும் முழுதாகக் கையில் இருக்கும்.