கடற்காற்றில் நிற்கும் முற்றப் பந்தல்

பந்தல் என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் இடுகின்ற பந்தலை இரு மொழியினரும் ஒன்றுபோலவே அறிவர். ஆனால் வீட்டு முற்றத்தில் ஆண்டு முழுதும் நிற்கக்கூடிய பந்தல் ஒன்று வேண்டும் என்னும் ஆவல், பிழைப்பை நாடி இப்பக்கம் வந்த நம்மவர் இல்லங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. காரணம் வெளிப்படை. வாடகை வீடு சிறியது. ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர் பகலெல்லாம் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க நேர்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி நிழல் வெளியில் கிடைத்துவிட்டால், வீடு ஒரு மடங்கு பெருகியது போலாகும்.

திருநெல்வேலியிலோ மதுரையிலோ முற்றத்துப் பந்தல் வெயிலைத் தடுத்தால் போதுமானது. விழிஞ்ஞத்தில் அங்ஙனமன்று. இங்கே பந்தலுக்கு வெயிலைவிடப் பெரும்பகை காற்று. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கடலிலிருந்து நேரே இக்கரையின் மீது மோதுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவம் இடியும் மின்னலுமாக வருகிறது. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கடலுக்குச் சென்ற இக்கரை மீனவர் பலர் திரும்பவில்லை என்பதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பந்தல் காற்றில் சாய்ந்து விழும் என்றே பலரும் அஞ்சுகின்றனர். உண்மையில் அது மேலே பறக்கும் என்பதற்குத்தான் அஞ்ச வேண்டும். சுவரில்லாத கூரையின் அடியில் காற்று புகுந்து உயர்த்துகிறது. மேற்புறம் ஓடும் காற்றோ உறிஞ்சுகிறது. மழையில் குடை பிடித்து நடந்தவர் எவரும் இதனைக் கையாலேயே உணர்ந்திருப்பர். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதிநூல் (ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி) திருவனந்தபுரத்திற்கு வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தை அடிப்படையாகக் கொண்டுள்ளது. அத்தகைய வலுத்த காற்று என்றோ ஒருநாள் வந்தால், 120 சதுர அடித் தகரக் கூரையை ஏறக்குறைய 1,000 கிலோ விசையுடன் மேலே இழுக்கக்கூடும். அக்கூரைத் தகடுகளின் எடையோ ஐம்பது, அறுபது கிலோவுக்குள் அடங்கிவிடும். பறந்த தகடு நம் வீட்டு எல்லையைக் கேட்டு விழுவதில்லை. அடுத்த முற்றத்தில் விளையாடும் குழந்தையின் கழுத்தளவிற்கு வந்தாலும் வரும்.

ஆகையால் தகரமோ, பாலிகார்பனேட் தகடோ வேய விரும்புவோர் பணத்தைக் கூரையில் செலவிடுமுன் குழியில் செலவிட வேண்டும். ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டடி ஆழமுள்ள குழியைக் கான்கிரீட்டால் நிரப்பினால் அது ஏறத்தாழ 300 கிலோ எடை பெறும். நான்கு கால்களுக்கும் அவ்வாறு செய்தால் 1,200 கிலோ. மேற்சொன்ன இழுப்பைத் தாங்கப் போதுமானது. ஆயினும் கான்கிரீட்டுக்குள் நிற்கும் குழாயில் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியைச் செருகாவிடில், கால் மட்டும் உருவிக்கொண்டு போய்விடும். கலவைக்குக் கடற்கரை மணலை அள்ளிவரக் கூடாது. அதிலுள்ள உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் தின்றுவிடும். வேலைக்காரர் "இம்மணலே போதும்" என்று சொன்னாலும் இணங்காதீர்கள்.

உப்பைப் பற்றிப் பேசுங்கால் இன்னொன்றும் கூற வேண்டும். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு வெட்டிய முனையிலும் பற்றவைத்த இடத்திலும் போய்விடுகிறது. துரு அங்கேதான் தொடங்கும். அவ்விடங்களில் துத்தநாகச் சாயம் பூசுவது ஒருமணி நேர வேலை. அலுமினியத்தை இரும்பு ஆணியால் பிணைத்தால், உப்பீரத்தில் இரண்டில் ஒன்று அரிக்கப்படும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி அறுப்பதும் துளையிடுவதும் வேண்டவே வேண்டா. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

மரக்கால் விரும்புவோர்க்குச் சவுக்கு நல்லது. இங்குள்ள மரக்கடையில் சவுக்கு என்று கேட்டால் விழிப்பர். காற்றாடி என்று கேட்க வேண்டும். கமுகு இரு மொழியிலும் கமுகுதான். எம்மரமாயினும் மண்ணுக்குள் நடாமல், கான்கிரீட்டில் பதித்த இரும்புக் கவ்வியில் தரைக்கு மேலே நிறுத்தினால் அடி அழுகாது.

கீற்றுக் கூரையின் குளிர்ச்சிக்கு ஈடில்லை. மெடஞ்ஞ ஓலை என்று கேட்டால் இங்கே புரிந்துகொள்வர். தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிய கீற்று காற்றுக்கு வளைந்து கொடுக்கும். பறந்தாலும் எவரையும் அறுக்காது. ஆனால் ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். சரிவும் செங்குத்தாக வேண்டும். அதனினும் பெரிது தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டனர். தீபாவளிப் பட்டாசும் கார்த்திகை விளக்கும் உள்ள வீட்டில், அடுக்களையையும் வாயிலையும் ஒட்டிக் கீற்று வேய்தல் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக்குள்ளிருந்து வெளியேறும் வழி எப்போதும் கூரையின் அடியில் அல்லாமல் தனித்து இருக்கட்டும்.

எனக்குச் சிறந்ததாகத் தோன்றுவது கூரையே இல்லாத பந்தல். கால்களும் மேற்சட்டமும் நிலையாக நிற்க, பிப்ரவரி முதல் மே வரை பச்சை நிழல்வலையைக் கட்டி, மழைக்கு முன் அவிழ்த்து மடித்து வைத்துவிடலாம். காற்று வலைக்கண்களின் வழியே பெரும்பாலும் ஊடுருவிச் செல்லும். கால்களின் அடியில் பாகலோ, கோவையோ, முல்லையோ நட்டால் கொடி தானே ஏறும். முல்லைக்குத் தேரளித்த பாரியும், ஆய் குலத்து அண்டிரனும் கடையெழு வள்ளல்களாவர். அந்த ஆய் குலத்தாரின் பிற்காலக் கோட்டை இருந்த ஊரில் நாம் ஒரு முல்லைக்குப் பந்தல் தருவது பொருத்தமே. மாற்றல் உத்தரவு வந்து வீட்டை விட நேர்ந்தால் வலையையும் சட்டத்தையும் கழற்றிக்கொண்டு போகலாம் என்பது நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்க்கு மேலும் ஒரு வசதி. மழையில் இது பயன்படாது என்பது உண்மையே. அக்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து கொள்வோம்.

இடத்தைப் பொறுத்தவரை, வீட்டின் கிழக்குப் புறம் கிடைத்தால் அதனையே கொள்க. தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றை வீட்டுச் சுவரே தாங்கும். பிற்பகல் வெயிலும் விழாது. தென்னைமரத்தின் அடி மட்டும் ஆகாது. தகடு வேய்ந்தால் தண்ணீர் நம் மண்ணிலேயே விழுமாறு சரிவை அமைக்க வேண்டும். அடுத்த வீட்டு மதிலில் விழும் தாரையால் பகையானோர் பலர். குழி தோண்டுமுன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் இசைவு பெறுக. நிலையான கூரை என்றால் மாநகராட்சி அலுவலகத்தில் அனுமதி வேண்டுமா என்பதையும், கடற்கரையை ஒட்டிய மனையாயின் கரையோர ஒழுங்குமுறை பொருந்துமா என்பதையும் கேட்டறிக. மே மாதக் கடைசி ஞாயிறன்று ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கட்டையும் திருகாணியையும் கையால் அசைத்துப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.