மாத்திரை ஒன்று, காவல் இருவர்!

மருந்தின் அளவு 25 மில்லிகிராம். ஒரு குன்றிமணி எடைகூட இல்லை. ஆனால் அதை விழுங்கிவிட்டுப் படுத்திருக்கும் நோயாளியின் பக்கத்தில், தேர்ச்சி பெற்ற இருவர் ஆறு மணி நேரமாவது உட்கார்ந்திருப்பது வழக்கம். வெளிச்சம் மட்டான அறை. கண்களுக்குத் துணிப் பட்டை. காதில் மெல்லிய சங்கீதம். பயம் வந்தால் பற்றிக்கொள்ள ஒரு கை.

மந்திரவாதியின் மாளிகையோ என்று எண்ண வேண்டாம். கனடா தேசத்தில், சர்க்காரின் அனுமதியோடு நடக்கும் வைத்தியம் இது! மருந்தின் பெயர் சைலோசைபின். சில வகைக் காளான்களில் இருக்கும் பொருள். உட்கொண்டவருக்கு வண்ணங்கள் உயிர் பெற்று அசையும்; மறந்துபோன நாட்கள் எதிரே வந்து நிற்கும்; "நான்" என்ற எண்ணமேகூடச் சிறிது நேரம் கரைந்துபோகும். அனுமதி இல்லாமல் விற்பதும் வைத்திருப்பதும் அந்த நாட்டில் குற்றம்.

அப்படியானால் வைத்தியத்துக்கு அனுமதி எப்படிக் கிடைத்தது?

நால்வரின் மனு

புற்றுநோய் முற்றி, நாளை எண்ணிக்கொண்டிருந்த நான்கு பேர் சர்க்காருக்கு மனுச் செய்துகொண்டார்கள். உடம்பின் வலிக்கு மருந்து இருந்தது. "போகப் போகிறோமே" என்ற கலக்கத்துக்குத்தான் மருந்து பிடிபடவில்லை. பல வாரங்கள் காத்திருந்த பிறகு, 2020 ஆகஸ்டில் சுகாதார மந்திரி அவர்களுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார்.

அவர்களது நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை டாக்டர்கள், புற்றுநோயால் மனம் தளர்ந்த 51 பேருக்கு இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்தும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்குப் பயமும் சோர்வும் வெகுவாகக் குறைந்திருந்தன.

பழைய கதை

கனடாவுக்கு இது புதிதல்ல. 1950-களில் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஹம்ப்ரி ஆஸ்மண்ட், ஏப்ரம் ஹாஃபர் என்ற இரு டாக்டர்கள், இதே இனத்தைச் சேர்ந்த எல்.எஸ்.டி.யைக் குடியை விட முடியாதவர்களுக்குக் கொடுத்தார்கள். "சைக்கெடெலிக்" என்ற சொல்லையே உண்டாக்கியவர் ஆஸ்மண்ட்தான். நோயாளிக்குக் கொடுக்குமுன் தாங்களே சாப்பிட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். மனநோய் ஆஸ்பத்திரிக்குத் திட்டம் வரைய வந்த இஸுமி என்ற கட்டடக் கலைஞரும் எல்.எஸ்.டி. சாப்பிட்டுவிட்டுப் பழைய ஆஸ்பத்திரியைச் சுற்றி வந்தார். நீண்ட தாழ்வாரங்கள் அவரை நடுங்க வைத்தன. நோயாளிகள் தினமும் எதைக் கண்டு மிரளுகிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று!

தங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர்வரை குடியை விட்டதாக டாக்டர்கள் அறிவித்தார்கள். டொராண்டோ நகரில் வேறு ஆராய்ச்சியாளர்கள் அதைச் சரிபார்க்கப் புகுந்தார்கள். நோயாளியை வாரால் கட்டிலோடு பிணைத்து மருந்தைக் கொடுத்தார்கள். விசேஷப் பலன் எதுவும் தெரியவில்லை. மருந்தில் சாரமில்லை என்றது ஒரு கட்சி. கட்டிப்போட்ட மனம் எப்படி ஆறும் என்றது மறு கட்சி.

மாண்ட்ரீலில் நேர்ந்தது அதைவிடக் கொடுமை. ஆலன் மெமோரியல் மனநல நிலையத்தில் டாக்டர் யூவன் காமரான், அமெரிக்க உளவுத் துறையின் பணத்தையும் பெற்று, நோயாளிகளின் அறிந்த சம்மதம் இன்றியே பரிசோதனைகள் செய்தார். எல்.எஸ்.டி., மின் அதிர்ச்சி, நாள் கணக்கில் தூக்க மருந்து! வைத்தியத்துக்கென்று வந்தவர்கள் நினைவிழந்து வீடு திரும்பினார்கள். 1992-ல் கனடா சர்க்கார் அவர்களில் 77 பேருக்குத் தலைக்கு ஒரு லட்சம் டாலர் அளித்தது.

ஒரே தேசம், ஒரே மருந்து. ஓரிடத்தில் ஆறுதல், ஓரிடத்தில் ஏமாற்றம், ஓரிடத்தில் நாசம்! மருந்தைவிட, அதைக் கொடுக்கிற கை முக்கியம் என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமா?

பூட்டும் சாவியும்

ஆகவேதான் இன்றைய நிபந்தனைகள். 2022 ஜனவரி முதல், உயிருக்கு ஆபத்தான அல்லது கடுமையான நோய் உள்ளவருக்கு, வழக்கமான சிகிச்சைகள் பலிக்காதபோது, அவருடைய டாக்டர் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு விண்ணப்பமும் தனித் தனியே பரிசீலிக்கப்படுகிறது. நோயாளியிடம் முன்னதாகவே பல முறை பேசி, என்ன நேரும் என்று விளக்கிச் சம்மதம் பெறுகிறார்கள். சித்தப்பிரமை கண்ட குடும்பத்தவரைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. பிறகும் கூட உட்கார்ந்து, கண்டதையும் கலங்கியதையும் பேசித் தீர்க்கிறார்கள். மருந்து அரை நாள். பேச்சு பல வாரம்!

இது சகல ரோக நிவாரணி அல்ல. தீராத மனச் சோர்வு உள்ள 233 பேரிடம் நடந்து, 2022-ல் வெளியான பரிசோதனையில், 25 மில்லிகிராம் பெற்றவர்களில் மூன்றாவது வாரத்தில் நல்ல குணம் கண்டவர்கள் நூற்றுக்கு 37 பேர்தான். தலைவலி, குமட்டல் வந்தவர்கள் உண்டு. சிலருக்குத் தற்கொலை எண்ணமும் தலைகாட்டியது. தானே வாங்கித் தானே சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று யாரும் துணிய வேண்டாம்.

பூட்டு அவசியம்தான், மாண்ட்ரீல் கற்பித்த பாடம் அது. ஆனால் சாவியைத் தேடி எடுப்பதற்குள் வாசலில் நிற்பவரின் ஆயுள் முடிந்துவிட்டால்? சாகும் தறுவாயில் இருப்பவருக்கு, "அடுத்த மாதம் வாருங்கள்" என்பதும் ஒரு மறுப்புத்தானே! காவலும் வேண்டும், கதவும் காலத்தில் திறக்க வேண்டும். அந்த நால்வர் மனுச் செய்து கேட்டதும் அதைத்தான்.