வரைந்த வானங்கள் – 7: யமாட்டோ செத்திருக்க வேண்டுமா?

சென்ற வாரம் ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹெய்டியைப் பார்த்தோம். 1974-இல் ஞாயிறு இரவு ஏழரை மணிக்கு ஜப்பானியப் பிள்ளைகளையெல்லாம் அவள் கட்டிப்போட்டிருந்தாள். அதே ஏழரை மணிக்கு இன்னொரு சேனலில் ஓர் அனிமேஷன் தொடர் பார்ப்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’. ஹெய்டியிடம் அது தோற்றது. நீளமாகப் போகத் திட்டமிட்டிருந்த கதையைச் சுருக்கி, 26 வாரங்களில் முடித்துக்கொண்டார்கள்.

கதை இதுதான். 2199-ஆம் ஆண்டு. காமிலாஸ் என்ற வேற்றுக் கிரகத்தின் குண்டுகளால் கடல் வற்றி, பூமியெங்கும் கதிர்வீச்சு. மனித இனத்துக்கு மிச்சமிருப்பது ஒரே வருடம். இஸ்கந்தர் என்ற தொலைதூரக் கிரகத்தின் அரசி ஸ்டார்ஷா, கதிர்வீச்சை அகற்றும் கருவி தருவதாகச் செய்தி அனுப்புகிறாள். 1,48,000 ஒளியாண்டு தூரம் போய்த் திரும்ப வேண்டும். வற்றிய கடல் தரையில் துருவேறிக் கிடந்த, இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய யமாட்டோ கப்பலையே விண்கலமாக்கிப் புறப்படுகிறார்கள். ஒவ்வொரு வாரமும் கடைசியில் பூமிக்கு இன்னும் எத்தனை நாள் என்ற கணக்கு திரையில் வரும்.

தோற்ற தொடரைத் தூக்கி நிறுத்தியவர்கள் ரசிகர்கள். மறுஒளிபரப்பில் அதைப் பிடித்துக்கொண்ட பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் ஊர் ஊராக மன்றம் வைத்தார்கள். கைப்பிரதி இதழ் நடத்தினார்கள். தயாரிப்பாளர் யோஷினோபு நிஷிஸாகி தொடரை வெட்டி ஒட்டித் திரைப்படமாக்கியபோது, வானொலி நிலையங்களுக்குப் போன் போட்டு இசாவோ சசாகி பாடிய தலைப்புப் பாடலை ஒலிபரப்பச் சொன்னதும், கடை கடையாகப் போய்ச் சுவரொட்டி ஒட்டியதும் இந்தப் பிள்ளைகள்தான். 1977 ஆகஸ்ட் 6 அன்று படம் வெளியானது. முந்தின இரவே தியேட்டர் வாசலில் வரிசை கட்டிப் படுத்துவிட்டார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ ஜப்பானுக்கு வந்து சேர இன்னும் பத்து மாதத்துக்கு மேல் இருந்தது. கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கானது என்ற எண்ணம் ஜப்பானில் அந்த வரிசையைப் பார்த்துத்தான் ஆட்டம் கண்டது. அடுத்த ஆண்டு ‘அனிமேஜ்’ மாத இதழ் தொடங்கப்பட்டபோது முதல் இதழின் அட்டையில் யமாட்டோவே வந்தது.

இந்த வாரம் நான் பேச வந்தது அதற்கடுத்த படத்தைப் பற்றி. ரசிகர்களை இரண்டாகப் பிளந்த படம் அது. 1978 ஆகஸ்ட் 5 அன்று வெளியான ‘விடைகொடு, விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’. இரண்டரை மணி நேரம் ஓடும். இயக்கத்தில் முதன்மையானவர் தோஷியோ மசுதா. நடிகர்களை வைத்துப் படமெடுத்துப் பேர் வாங்கியவர். ஏறக்குறைய 40 லட்சம் பேர் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

இந்தப் படத்தில் ஏறக்குறைய எல்லோரும் சாகிறார்கள். தலைமைப் பொறியாளர் சாகிறார், கப்பல் மருத்துவர் சாகிறார். எதிரிக் கோட்டையின் எந்திர அறையில் கப்பல் அதிகாரி சனாதா வெடிகுண்டைப் பொருத்தி முடிக்கும்வரை, படைவீரன் சைதோ உடம்பெல்லாம் குண்டு துளைத்தும் விழாமல் மறைத்து நிற்கிறான். பழைய கதைகளில் வரும் பெங்கெய் என்ற வீரத் துறவி நின்றபடியே உயிர்விட்டதை அறிந்த ஜப்பானியர்களுக்கு அந்தக் காட்சி எங்கே போய்த் தைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை சிதறியதும் அதற்குள்ளிருந்து அதைவிடக் கொடிய ராட்சதக் கப்பல் ஒன்று வெளிவருகிறது. யமாட்டோவில் சுடுவதற்கு ஒன்றுமில்லை. இளம் கேப்டன் கொடாய், மிஞ்சியவர்களை வெளியேற்றிவிட்டு, இறந்துபோன காதலி யூகியின் உடலைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, எதிரியின் மீது மோதக் கப்பலைச் செலுத்துகிறான். யமாட்டோ இனி ஒருபோதும் வராது, உங்கள் நெஞ்சில்தான் வாழும் என்று திரையில் எழுத்து வருகிறது. கென்ஜி சவாதாவின் பாட்டு ஒலிக்க, அரங்கம் முழுக்கத் தேம்பல்.

அன்றைக்கு அழுத பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இன்று அறுபது வயது தாண்டிவிட்டது. இன்னும் விவாதம் ஓயவில்லை. யமாட்டோ கதை இந்தப் படத்தோடு முடிந்துவிட்டது, அப்புறம் வந்தவை எதையும் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்பவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்கு இது வாழ்க்கையிலேயே முதன்முதலாகச் சாவை நேருக்கு நேர் காட்டிய படம். இது தற்கொலைப் படையின் புகழ்பாட்டு, பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கவே கூடாது என்பவர்கள் மறுபக்கம். கப்பலின் பெயரே யமாட்டோ என்னும்போது இந்தக் குற்றச்சாட்டைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 1945 ஏப்ரல் 7 அன்று, ஒகினாவாவை நோக்கித் திரும்பி வர வழியில்லாத பயணத்தில் அனுப்பப்பட்ட உண்மையான யமாட்டோ, அமெரிக்க விமானங்களின் தாக்குதலில் ஏறக்குறைய 3,000 பேரோடு மூழ்கியது.

எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. சைதோவின் சாவு அந்தப் படத்துக்கு உரியது. கொடாயின் சாவு உரியதல்ல. காரணம், முதல் கதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. புளூட்டோ அருகே நடக்கும் போரில் பூமியின் படை நொறுங்குகிறது. எஞ்சியிருப்பவை இரண்டே கப்பல்கள். தளபதி ஒகிடா பின்வாங்க உத்தரவிடுகிறார். யுகிகாசே என்ற கப்பலின் கேப்டன், அதாவது கொடாயின் அண்ணன் மாமோரு, மறுக்கிறான். செத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்கிறான். நாளைக்காக இன்றைய அவமானத்தைத் தாங்குவதுதான் ஆண்மை என்ற பொருள்பட ஒகிடா மன்றாடுகிறார். அவன் கேட்காமல் எதிரிக்குள் பாய்கிறான். தன் மகனையும் அதே போரில் இழந்துவிட்ட அந்தக் கிழவர் தனியாகத் திரும்பி வந்து, தம்பிக்காரனின் கோபத்தையும் வாங்கிக்கொள்கிறார். அந்தத் தம்பி ஒகிடாவிடம் கற்றுக்கொண்ட பாடம் உயிரோடு திரும்பி வருவது. முதல் படத்தின் பயணம் முழுக்க அதற்குத்தான்.

இரண்டாவது படத்தின் முடிவில், இறந்துபோன ஒகிடாவின் குரல் கொடாயிடம் பேசுகிறது. உனக்கு இன்னும் உயிர் என்ற ஆயுதம் மிச்சமிருக்கிறது என்கிறது. முன்பு மாமோருவைத் தடுத்த மனிதர் இப்படிச் சொல்லவே மாட்டார். பலமுறை பார்த்தும் என்னால் இந்த இடத்தை ஏற்க முடியவில்லை. கண்ணீர் வருவது உண்மை. அந்தக் கண்ணீருக்காக ஒகிடாவையே மாற்றிவிட்டார்கள் என்பதும் உண்மை. கப்பலுக்கும் மனிதர்களுக்கும் உருவம் கொடுத்த லெய்ஜி மாட்சுமோட்டோவுக்கும் இந்த முடிவில் உடன்பாடு இருந்ததில்லை. ராணுவ விமானியாகப் போருக்குப் போய் உயிரோடு திரும்பிய தந்தையின் மகன் அவர்.

படம் வந்த பத்தே வாரத்தில், அக்டோபர் 14 அன்று, ‘யமாட்டோ 2’ தொலைக்காட்சியில் தொடங்கியது. அதே கதை, வேறு முடிவு. அதில் கொடாயும் யூகியும் பிழைக்கிறார்கள். தெரெசா என்ற வேற்றுலகப் பெண் தன்னைக் கொடுத்து எதிரியை அழிக்கிறாள். இனி வராது என்று எழுதிக்காட்டிவிட்டு இப்படிச் செய்தால் அழுதவனுக்குக் கோபம் வராதா? வந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்ற அந்த ஆத்திரம் முழுக்க நியாயமானது. ஆனாலும் வியாபாரத்துக்காகவே எடுத்த அந்த இரண்டாவது முடிவுதான் ஒகிடாவின் பேச்சுக்குப் பொருந்துகிறது. அமெரிக்காவில் ‘ஸ்டார் பிளேசர்ஸ்’ என்ற பெயரில் போனது தொலைக்காட்சிக் கதைதான். அங்குள்ள ரசிகர்கள் பிழைத்த கொடாயை முதலில் பார்த்துப் பழகியவர்கள். பின்னாளில் படத்தைப் பார்த்தபோது அதிர்ந்துபோனார்கள்.

1983-இல் ‘இறுதி’ என்று அறிவித்து வந்த படத்தில், ஒகிடா உண்மையில் சாகவில்லை, மருத்துவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று அவரையே எழுப்பிக் கொண்டுவந்தார்கள். ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்காத இடம் இது. நான் பாதி மன்னிக்கிறேன். அதில் கிழவர் ஒகிடா, இளையவர்களை இறக்கிவிட்டுத் தான் மட்டும் கப்பலோடு போகிறார்.

இந்த நெடுநாள் சண்டைக்குக் கதைக்குள்ளேயே இடம் கொடுத்தது, 2019-இல் நிறைவுற்ற ‘யமாட்டோ 2202’. ‘விடைகொடு’ படத்தின் மறுஆக்கம் அது. கொடாய் மோதியபின், அவனையும் யூகியையும் மீட்க ஒரு வழி இருப்பது தெரியவருகிறது. ஆனால் பூமி தன் பெரிய ராணுவ பலத்தைக் கைவிட்டால்தான் முடியும். மக்களிடம் வாக்கெடுப்பு நடக்கிறது. மீட்போம் என்ற தரப்பு குறைந்த வித்தியாசத்தில் வெல்கிறது. நாற்பது ஆண்டுகளாக ரசிகர்கள் போட்டுக்கொண்டிருந்த ஓட்டு அது.

பார்க்க விரும்புகிறவர்கள் 1977 படத்தில் தொடங்குங்கள். புளூட்டோ போரில் ஒகிடா பேசுவதைக் கவனித்துக் கேளுங்கள். பிறகு ‘விடைகொடு’ பாருங்கள். முடிந்தால் அன்றைக்கே ‘யமாட்டோ 2’-இன் கடைசி இரண்டு பகுதிகளையும் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் மாட்சுமோட்டோவின் ரயில்: ‘கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999’.