குழி தோண்டும் விசைக் கருவியைக் கையாளும் முறை

மரக்கன்று நடவும், வேலிக்குக் கல்தூண் ஊன்றவும் குழி எடுக்க ஆட்கள் கிடைப்பது அரிதாகி வருகிறது. இதனால் பெட்ரோல் இன்ஜினால் இயங்கும் கைக்கருவியை விவசாயிகள் பலர் பயன்படுத்துகின்றனர். 'எர்த் ஆகர்' எனப்படும் இதனை நாள் வாடகைக்கு எடுத்து, பழக்கமில்லாமலேயே இயக்குவோரும் உண்டு. இக்கருவியால் ஏற்படும் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கைப்பிடி ஏன் சுழல்கிறது?

இன்ஜின் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றுகிறது. கியர் பெட்டி அந்த வேகத்தைச் சில நூறு சுற்றுகளாகக் குறைத்துத் திருகுக்கு அனுப்புகிறது. வேகம் குறைவதற்கேற்ப முறுக்கு விசை கூடுகிறது. திருகு ஒரு வேரிலோ கல்லிலோ சிக்கி நின்றுவிட்டால், அந்த விசை கருவியின் உடலையே எதிர்த்திசையில் திருப்பிவிடும். மேலிருந்து பார்த்தால் திருகு வலப்புறமாகச் சுழல்வதால், கைப்பிடி இடப்புறமாகத் திரும்பி மணிக்கட்டையும் விலாவையும் தாக்கும். இது கண் இமைக்கும் நேரத்தில் நிகழ்வதாகும். திருகின் அகலம் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். 12 அங்குலத் திருகு 6 அங்குலத் திருகைவிட அதிகக் கவனத்தைக் கேட்கும்.

தொடங்கும் முன்

குழி எடுக்கும் இடத்தைக் கடப்பாரையால் குத்திப் பார்த்து, கல்லும் தடித்த வேரும் இருந்தால் அகற்ற வேண்டும். சொட்டுநீர்க் குழாய், பம்புசெட்டுக்குச் செல்லும் மின் கேபிள் ஆகியவை புதைந்துள்ள இடங்களில் திருகை இறக்கலாகாது.

வேட்டி, தோளில் துண்டு, தொங்கும் சேலைத் தலைப்பு ஆகியவை சுழலும் திருகில் சிக்கிக்கொள்ளும். கால்சட்டையும் உடலோடு ஒட்டிய மேற்சட்டையும் அணிய வேண்டும். கனத்த காலணி, கையுறை, கண்ணாடி, காதடைப்பான் ஆகியவையும் அவசியம்.

இன்ஜின் மெதுவாக ஓடும்போது திருகு சுழலக் கூடாது. சுழன்றால் கிளட்சையும் ஓட்ட வேகத்தையும் சரிசெய்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

இயக்கும் முறை

கால்களை அகற்றி ஊன்றி, இரு கைகளாலும் கைப்பிடியை உடலுக்கு அருகில் பிடித்துக்கொள்ள வேண்டும். திருகின் நுனி மண்ணில் பதிந்த பின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வேலை விரைவாக முடியும் என்று எண்ணிக் கருவியின் மீது சாய்ந்து அழுத்தக் கூடாது. அரை அடி ஆழம் இறங்கியதும் மேலே தூக்கி மண்ணை வெளியேற்றி, மீண்டும் இறக்க வேண்டும். ஒருவர் பிடிக்க அமைந்த கருவியை இருவர் சேர்ந்து பிடிப்பது தவறு. சிறுவர்களும் மற்றவர்களும் எட்ட நிற்க வேண்டும்.

திருகு சிக்கிக்கொண்டால் வேகத்தைக் கூட்டி விடுவிக்க முயல்வதே பெரும்பாலும் காயத்துக்கு வழிவகுக்கிறது. உடனே இன்ஜினை நிறுத்தி, கருவியைக் கையால் இடப்புறமாகத் திருப்பி வெளியே எடுக்க வேண்டும். திருகில் ஒட்டிய களிமண்ணைச் சுரண்டும்போதும் இன்ஜின் நின்றிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் ஒயரையும் கழற்றிவிடுவது நல்லது.

தொடர்ந்து பல மணி நேரம் இயக்கினால் அதிர்வினால் விரல்கள் மரத்துப்போகும். ஆகவே இடையிடையே ஓய்வு தேவை.

எரிபொருள்

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலுடன் ஆயில் கலக்க வேண்டும். கலவை அளவு கருவிக்குக் கருவி மாறும்; கையேட்டில் 40-க்கு 1 எனக் குறிப்பிட்டிருந்தால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி ஆயில் சேர்க்க வேண்டும். இன்ஜின் ஆறிய பின்னரே எரிபொருள் ஊற்ற வேண்டும். அவ்வேளையில் அருகில் பீடி, சிகரெட் புகைக்கக் கூடாது.

குழி எடுத்த பின்

ஈரக் களிமண்ணில் திருகு குழியின் சுவரை மெழுகியதுபோல் இறுக்கிவிடும். இளம் வேர் அதனுள் நுழைய இயலாது. கடப்பாரையால் சுவரைக் கொத்திவிட்டுக் கன்று நட வேண்டும். தென்னைக்கு வேண்டிய 3 அடி நீள, அகல, ஆழக் குழிக்கு இக்கருவி ஏற்றதல்ல.

அன்றே நட முடியாத குழிகளைப் பலகையாலோ முள்ளாலோ மூடி வைக்க வேண்டும். இருட்டில் ஆடு, மாடும் மனிதரும் கால் தவறி விழுந்தால், கருவியால் மிச்சமான கூலி மருத்துவச் செலவுக்கே போய்விடும்.