படைக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளையை வெயிலில் விடாதீர்கள்!

தோட்டத்துப் பெற்றோர்களே! பிள்ளையின் தலையில் வட்ட வட்டமாக முடி கொட்டி, செதில் எழும்பினால் அது பெரும்பாலும் தலைப்படைதான். ஒரே சீப்பு, ஒரே தொப்பி, பூனைக்குட்டி ஆகியவற்றால் ஒட்டிக்கொள்ளும். பூசணம் முடியின் வேருக்குள் இறங்கிவிடுவதால் களிம்பு மட்டும் போதாது. ஆகவே டாக்டர் மாத்திரை கொடுப்பார். அவற்றில் ஒன்று கிரிசியோபல்வின். 1939-ல் ஒருவகைப் பூசணத்திலிருந்தே பிரித்தெடுக்கப்பட்ட மருந்து இது. வழக்கமாக 6 முதல் 8 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் சாப்பிட வேண்டும்.

இந்த மருந்தில் ஒரு சங்கதி உண்டு. சிலருக்கு இது தோலை வெயில் தாங்காததாக்கிவிடும். மருந்து தோலிலும் சேர்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும் அந்த இடம் சிவந்து எரிகிறது. கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று எண்ணாதீர்கள்.

முன்பு ஒரு பையனுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தேன். வேளை சொன்னேன், வெயிலைச் சொல்ல மறந்தேன். தவறு என்னுடையது. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பால்காட்டுக்குப் போனவன், மத்தியானம் திடலிலும் விளையாடியிருக்கிறான். முகம், காது, முழங்கை எல்லாம் சிவந்துவிட்டது. “அம்மை போட்டிருக்குங்க, மாத்திரைய நிறுத்திட்டேன்” என்றார் தாய். சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். மூடியிருந்த இடத்தில் ஒன்றுமில்லை! அம்மை என்றால் மார்பிலும் முதுகிலும் அல்லவா இருக்கும்? டாக்டர் பார்த்து, நிழலில் வைத்து மருந்தைத் தொடரச் சொன்னார். சில நாளில் எரிச்சல் அடங்கியது. ஆனால் நிறுத்திய நாட்களில் படை மீண்டும் தலைதூக்கியிருந்தது.

ஆகவே கவனியுங்கள்:

1. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பிள்ளை வெயிலில் நிற்க வேண்டாம். மேகம் மூடினாலும் கதிர் வரும்.

2. பள்ளிக்குப் போகும்போது குடை, அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை வேண்டும். திடல் விளையாட்டுக்கு விலக்குக் கேட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

3. மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். முட்டை, பால் போன்ற கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும்.

4. தோல் சிவந்தால் குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்துப் போடுங்கள். மஞ்சள், எண்ணெய் பூச வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

5. கொப்புளம், காய்ச்சல், வாய்ப்புண், முக வீக்கம் கண்டால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே தூக்கி வாருங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

6. ஒரு பிள்ளையின் மாத்திரையை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது.

முடி முளைத்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். டாக்டர் போதும் என்று சொல்லும்வரை மாத்திரையும் வேண்டும், நிழலும் வேண்டும். மருந்து வாங்கும்போது “வெயில் ஆகுமா?” என்று நீங்களே கேளுங்கள். என்னைப் போல் சொல்ல மறப்பவரும் உண்டு!